பிள்ளைகள் எதைப் பார்த்து எழுதுகிறார்கள்?

8 ஜனவரி 2025, ஒரு வாசகரின் கேள்வி

கௌரவ விரிவுரையாளராக இது எனக்கு இரண்டாவது வருடம். இளங்கலை வரலாறு, வகுப்பில் 35 பேர். "தாமிரபரணிப் பாசனம்" என்று அசைன்மெண்ட் கொடுத்தேன். 31 தாளில் முதல் பத்தி அச்சு அசலாக ஒன்றேதான். "பொதிகை மலையில் தோன்றி" என்று ஆரம்பிக்கிறது, எழுத்துப்பிழை கூட ஒரே இடத்தில். எதை நம்பி எழுதலாம், எதை நம்பக் கூடாது என்று இந்தப் பிள்ளைகளுக்குத் தெரியவே தெரியாதா? எங்கிருந்து சொல்லிக்கொடுக்க ஆரம்பிப்பது?

9 ஜனவரி

மீதி நாலு பேர் எதைப் பார்த்து எழுதினார்கள்? அதைச் சொல்லவே இல்லையே.

அந்த 31 பேரை எனக்குத் தெரியும். நெல்லைப் பக்கம் ஒரு உதவிபெறும் கல்லூரியில் 19 வருடமாக நூலகர் நான். போன வாரம் மூன்றாம் ஆண்டுப் பையன் ஒருத்தன் வந்தான். நேரே வரலாற்று அலமாரிக்குப் போனான். ஒரு புத்தகத்தை உருவினான், தலைப்புப் பக்கத்தை செல்போனில் படம் பிடித்தான், செருகினான், அடுத்ததை உருவினான். நாலே நிமிஷம், 12 புத்தகம். உள்ளே ஒரு பக்கம் புரட்டவில்லை. ஒரு புத்தகத்தைத் தலைகீழாகச் செருகிவிட்டுப் போனான், அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

"என்ன தம்பி, எதுவும் எடுத்துட்டுப் போகலியா?"

"துணைநூற்பட்டியலுக்கு சார். புராஜெக்ட் முடிஞ்சிட்டு."

தாலி கட்டிவிட்டுப் பெண் பார்க்கப் போகிறான்.

எழுதுவதற்கு எங்கே எடுத்திருப்பான் என்று கேட்காமலே சொல்வேன். முதலில் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் சீனியர் போட்ட ஃபைல். அது இல்லையென்றால் கல்லூரி வாசல் ஜெராக்ஸ் கடை, போன வருஷத்துப் புராஜெக்டெல்லாம் அங்கே கம்ப்யூட்டரிலேயே கிடக்கும். பிறகு சாட்ஜிபிடி. பிறகு கூகுளில் மேலே வருகிற ரெண்டு பக்கம். நூலகம் கடைசி, அதுவும் நோ டியூஸ் கையெழுத்துக்கு.

இதை அறியாமை என்று சொல்ல மாட்டேன். அவன் கணக்கு சரியான கணக்கு. காலை பத்து மணிக்குத் தாளை வைக்க வேண்டும். உள்ளே யாரும் வாசிக்கப் போவதில்லை. எத்தனை பக்கம், பைண்டிங் ஒழுங்காக இருக்கிறதா, கடைசியில் புத்தகப் பட்டியல் இருக்கிறதா, இவ்வளவுதான் பார்ப்பார்கள். இதற்கு கெசட்டியரை (மாவட்டத்தைப் பற்றி அரசாங்கம் போட்ட தகவல் நூலை) எடுத்து வாசிக்கிறவன்தான் கணக்குத் தெரியாதவன்.

9 ஜனவரி, இரவு

விட்டுப்போனது. கல்லூரியில் "கைடு" என்றால் ரெண்டு பொருள். ஒன்று, ஆய்வை மேற்பார்க்கிற பேராசிரியர். இன்னொன்று, பஜாரில் விற்கிற கேள்வி பதில் புத்தகம். "கைடு என்ன சொல்லுது?" என்று கேட்டால் ரெண்டாவது. "கைடு என்ன சொல்றாரு?" என்றால் முதலாவது. ரெண்டாவதில் பதில் உடனே கிடைக்கும்.

11 ஜனவரி

அந்த நாலு பேரைப் பற்றி, முதலில் கேள்வி அனுப்பிய விரிவுரையாளர் பதில் போட்டிருக்கிறார். ரெண்டு பேர் அன்றைக்கு லீவு. ஒருத்தன் வேறு ஏதோ ஃபைலைப் பார்த்து எழுதி, நடுவில் காவிரி வந்துவிட்டது. ஒரு பெண் மட்டும் தன் தாத்தாவைக் கேட்டு, தங்கள் ஊர்க் குளத்துக்குத் தண்ணீர் எந்த மடையில் வரும், யார் திறப்பார்கள், கடைமடைக்காரன் எப்போது சண்டைக்கு வருவான் என்று நாலு பக்கம் எழுதியிருக்கிறாள்.

"பாடத்துக்கு வெளியே போய்விட்டாள் என்று ஐந்து மார்க் குறைத்துவிட்டேன்" என்கிறார்.

ஐயா, நீங்கள் கேட்ட கேள்விக்கு நீங்களே பதில் சொல்லிவிட்டீர்கள். எதைப் பார்த்து எழுதினால் மார்க் வரும் என்று அந்த வகுப்பில் 34 பேருக்கு அன்றைக்குப் பாடம் நடந்திருக்கிறது. 35-வது ஆளுக்கும் சேர்த்து.

18 ஜனவரி

பொங்கலுக்கு ஊருக்குப் போய்விட்டேன். வந்து பார்த்தால் ஒருவர் திட்டியிருக்கிறார்: "நூலகரே பிள்ளைகளைக் கிண்டல் பண்ணலாமா? உங்கள் ஆய்வேட்டில் போட்ட புத்தகமெல்லாம் நீங்கள் பார்த்தவையா?"

நல்ல கேள்வி. இல்லை.

2006-ல் எம்.ஃபில். முடித்தேன். கடைசியில் 64 புத்தகம் போட்டிருந்தேன். கையில் எடுத்தது இருபது இருக்கும். மீதியை ஒரு பழைய ஆய்வேட்டின் பட்டியலிலிருந்து இறக்கினேன். அதில் ஒன்று எச்.ஆர். பேட் எழுதிய திருநெல்வேலி மாவட்ட கெசட்டியர். அது வந்தது 1917-ல். நான் 1971 என்று அடித்துவிட்டேன். வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், ஒருவரும் கேட்கவில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், மூன்று வருடத்துக்கு முன் எங்கள் கல்லூரிப் புராஜெக்ட் ஒன்றை அலமாரியில் அடுக்கும்போது கடைசிப் பக்கம் கண்ணில் பட்டது. "பேட், எச்.ஆர்., 1971." பிறகு போன வருடம் இன்னொன்றில். என் தப்பு எனக்குத் தெரியாமல் குட்டி போட்டுக்கொண்டிருக்கிறது. பெற்றவனுக்கு அடையாளம் தெரியாதா?

19 ஜனவரி

மேலே எழுதியதில் திருத்தம். ராத்திரி பரணிலிருந்து என் ஆய்வேட்டை இறக்கிப் பார்த்தேன். 1971 இருக்கிறது, சரி. ஆனால் நான் பார்த்து எழுதிய பழைய ஆய்வேட்டின் ஜெராக்ஸும் அதே பையில் இருந்தது. அதிலும் 1971-தான். ஆக நான் அப்பன் இல்லை, நடுவில் ஒரு தலைமுறை. இதைக் கண்டுபிடித்ததில் ஒரு சின்ன நிம்மதி வந்தது. வந்ததற்கு வெட்கமாகவும் இருந்தது. ஒரு பக்கத்தைத் திறந்திருந்தால் அன்றைக்கே பிடித்திருக்கலாமே.

2 பிப்ரவரி

மாணவர்கள் மேல் எனக்கு மரியாதை வந்த ஒரு நாளைச் சொல்கிறேன்.

2023 டிசம்பர் வெள்ளத்தைப் பற்றி முதுகலை மாணவி ஒருத்தி புராஜெக்ட் எடுத்திருந்தாள். ஏரல் பக்கத்துப் பிள்ளை. ஒரு நாள் வந்து மேசையில் மூன்று தாளை வைத்தாள். ஒன்று நாளிதழ், ஒன்று யூடியூபில் பார்த்து எழுதிக்கொண்டது, ஒன்று வாட்ஸ்அப்பில் வந்த பட்டியல். காயல்பட்டினத்து மழை மூன்றிலும் வேறு வேறு. ஒன்றில் தேதி 17, ஒன்றில் 18.

"இதுல எது சார் நெஜம்?"

19 வருடத்தில் இந்தக் கேள்வியைக் கேட்டவர்களைக் கைவிரலால் எண்ணிவிடலாம். மற்றவர்கள் "எதை சார் போடணும்?" என்றுதான் கேட்பார்கள்.

வானிலை ஆய்வுத் துறையின் கணக்கை எடுத்துப் பார்த்தோம். காயல்பட்டினம், 24 மணி நேரத்தில் 95 செ.மீ. தேதிக் குழப்பமும் அங்கேயே தீர்ந்தது. அவர்களுக்கு மழை நாள் என்பது நம் காலண்டர் நாள் இல்லை. காலை எட்டரைக்கு அளந்தால், முந்தின நாள் எட்டரையிலிருந்து பெய்தது மொத்தமும் அன்றைய தேதியில் ஏறும். 17-ம் தேதி பகலெல்லாம், ராத்திரியெல்லாம் கொட்டியது 18-ம் தேதிக் கணக்கில் வரும். 17 என்று போட்டவரும் பொய் சொல்லவில்லை, 18 என்று போட்டவரும் சொல்லவில்லை. எட்டரை மணி விஷயத்தை ரெண்டு பேரும் வாசகனுக்குச் சொல்லவில்லை, அவ்வளவுதான். வாட்ஸ்அப் பட்டியலில் ரெண்டு நாள் மழையைச் சேர்த்து ஒரு நாள் என்று போட்டிருந்தார்கள்.

அத்தோடு அவள் விடவில்லை. "எங்க ஊர்ல மழைமானியே கிடையாதே சார், நான் எந்த நம்பரப் போட?" என்றாள். எனக்கு உடனே பதில் வரவில்லை. அடுத்த வாரம் அவளே வழி கண்டுபிடித்துக்கொண்டு வந்தாள். வீட்டுச் சுவரில் தண்ணீர் நின்ற கறை இன்னும் அழியவில்லையாம். டேப்பை வைத்து அளந்திருக்கிறாள். தரையிலிருந்து நாலு அடி ரெண்டு அங்குலம். தெருவில் பதினோரு வீட்டில் அளந்து, மேட்டுவீடு எது, பள்ளம் எது என்று ஒரு படமும் போட்டிருந்தாள். மழை எவ்வளவு என்று அது சொல்லாது. தண்ணீர் எவ்வளவு என்று சொல்லும்.

3 பிப்ரவரி

"எங்கள் துறையில் விக்கிப்பீடியாவைத் தடை செய்துவிட்டோம்" என்று ஒருவர் பெருமையாகப் போட்டிருக்கிறார். தடைக்குப் பிறகு என்ன நடக்கும் தெரியுமா? விக்கிப்பீடியாவிலிருந்தே எடுப்பான். அந்தப் பக்கத்தின் அடியில் இருக்கிற புத்தகப் பெயர்களை மட்டும் தன் ஆதாரமாகப் போட்டுக்கொள்வான். முன்னே உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்தவனைப் பொய் சொல்லப் பழக்கியதுதான் தடை செய்த புண்ணியம்.

14 பிப்ரவரி

கேட்டே விட்டார்கள், "ஏஐ பற்றி ஏன் வாயைத் திறக்கவில்லை?" திறக்கிறேன்.

போன செமஸ்டரில் ஒரு பையன் எட்டுப் புத்தகப் பட்டியலோடு வந்தான். தமிழக நீர்ப்பாசன வரலாறு. அழகான பட்டியல். ஆசிரியர், தலைப்பு, பதிப்பகம், ஆண்டு, பக்கம், எல்லாம் உண்டு. நானும் ஆர்வமாகத் தேடினேன். எங்கள் அக்சஷன் ரிஜிஸ்டரில் (நூலகத்துக்கு வந்த புத்தகமெல்லாம் பதிகிற ஏட்டில்) மூன்று இருந்தது. மீதி ஐந்துக்காகச் சென்னையில் தெரிந்த இரண்டு நூலகர்களுக்கு போன் பண்ணி அவர்கள் உயிரையும் வாங்கினேன். ஒரு ஆசிரியர் நிஜமாகவே இருக்கிறவர், ஆனால் அப்படி ஒரு தலைப்பில் அவர் எழுதியதே இல்லை. மூன்றாவது நாள்தான் எனக்கு உறைத்தது.

"எங்கடே புடிச்ச இத?"

"சாட்ஜிபிடி சார்."

"அந்தப் புத்தகத்த இனிமேதான் எழுதணும். எழுதி முடிச்சதும் உனக்குத்தான் முதல் காப்பி."

அவன் சிரிக்கவில்லை. எனக்கு மூன்று நாள் போனதில் கோபம், அவனுக்கு அவமானம். பிறகு யோசித்தேன். அவன் அந்தப் பட்டியலை நூலகத்துக்கு எடுத்து வந்தானே! மற்றவர்கள் அப்படியே ஒட்டி பைண்டிங்குக்குக் கொடுத்துவிட்டார்கள், ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. தேடிப் பார்க்க வந்தவன் மட்டும் என்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்டான். ஐந்து மார்க் குறைத்தவரை மேலே நான் என்ன பேச்சுப் பேசினேன்! அதே வேலையைத்தான் நானும் செய்திருக்கிறேன்.

20 பிப்ரவரி

"அச்சுப் புத்தகம் என்றால் நம்பலாம், இணையம்தான் ஆபத்து" என்று ஒரு கருத்து.

நம் இடையன்குடிப் பாதிரியார் கால்டுவெல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் 1856-ல் வந்தது. அவரே பெரிதாக்கித் திருத்தி 1875-ல் மறுபதிப்புப் போட்டார். 1891-ல் போய்ச் சேர்ந்தார். மூன்றாம் பதிப்பு 1913-ல், வேறு இருவர் பதிப்பித்தது. பறையர் திராவிடரா என்று 1875 பதிப்பில் அவர் தனியாக எழுதிச் சேர்த்த பகுதி இந்தப் பதிப்பில் இல்லை. பிற்பாடு பலர் கையில் புழங்கியது இந்த 1913-தான். பிள்ளைகள் 1913-ஐப் பார்த்துப் பக்க எண் போடுவார்கள், ஆண்டு மட்டும் கம்பீரமாக 1856. "கால்டுவெல் இதைப் பற்றி எதுவுமே சொல்லவில்லை" என்று ஒருத்தன் எழுதினால்? சொன்னார் தம்பி, உன் கையில் இருக்கிற புத்தகத்தில் எடுத்துவிட்டார்கள்.

அச்சுக்குள்ளேயே இத்தனை வில்லங்கம்.

20 பிப்ரவரி, மறுபடி

புத்தகத்தின் அடையாள எண்ணான ஐ.எஸ்.பி.என். இருந்தால் தரமான நூல்தானே என்று கேட்டவருக்கு: இந்தியாவில் அந்த எண்ணை இலவசமாகக் கொடுக்கிறார்கள். அது வீட்டுக் கதவு எண் மாதிரி. உள்ளே குடியிருக்கிறவர் யோக்கியரா என்று எண் சொல்லாது.

9 மார்ச்

தமிழில் எழுதுகிற பிள்ளைகளுக்கு இன்னொரு தடங்கல் உண்டு. இதை யாரும் பேசுவதில்லை.

இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளைச் சேர்த்து வைக்கிற சோத்கங்கா இணையதளத்தில் தமிழ் ஆய்வேடுகள் நிறையக் கிடக்கின்றன. ஆனால் யூனிகோடுக்கு முந்தைய பாமினி, வானவில் எழுத்துருக்களில் அடித்தவை பல. கண்ணுக்குத் தமிழ், கம்ப்யூட்டருக்கு வெறும் ஆங்கிலக் குப்பை. "குளம்" என்று தேடினால் வராது. ஒரு வரியை எடுத்து ஒட்டினால் பூனை கீபோர்டில் நடந்த மாதிரி இருக்கும். இன்னும் சில வெறும் ஸ்கேன் படம். ஆக, பிள்ளை தமிழில் தேடுகிறபோது இருபது வருஷ ஆய்வு மேலே வராது. நேற்று எவரோ எழுதிய வலைப்பதிவு வரும். அவன் வலைப்பதிவைத் தேர்ந்தெடுத்தான் என்று நாம் எழுதுகிறோம். அவன் முன்னால் இருந்ததே அது ஒன்றுதான்.

இதற்கு ஒரு மறுபக்கமும் உண்டு, சிரிப்பு வரும். 2018-ல் யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) கொண்டுவந்த விதிப்படி ஆய்வேட்டில் பிறர் எழுத்தோடு 10 சதவீதம் வரை ஒற்றுமை இருந்தால் தண்டனை இல்லை, 60-ஐத் தாண்டினால் பதிவே ரத்து. பழைய எழுத்துருவில் இருக்கிற ஆய்வேட்டைக் கையால் திரும்ப அடித்துக் கொடுத்தால் ஒற்றுமை பார்க்கிற மென்பொருளுக்கு எப்படித் தெரியும்? தெரிகிற இடத்தில் "அரசன்" எல்லாம் "மன்னன்" ஆவார், "போர்" எல்லாம் "சமர்" ஆகும். ஓர் ஆய்வாளர் இப்படி மாற்றப் போய் "அரசு மருத்துவமனை" என்பது "மன்னர் மருத்துவமனை" ஆகிவிட்டது. கையெழுத்துப் போட்டவரும் பார்க்கவில்லை.

22 மார்ச்

ஜெராக்ஸ் கடை அண்ணாச்சியைப் பற்றி நான் மட்டமாகப் பேசியதாக ஒருவர் வருத்தப்பட்டார். இல்லை. உண்மையில் அவர்மேல் எனக்குப் பொறாமை.

சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். கணக்கு வாத்தியார். ஆளே வராத நூலகத்தில் உட்கார முடியாமல், கொஞ்ச நாளிலேயே என்னை மறுபடி வகுப்புக்கே அனுப்புங்கள் என்று போய் நின்றவர். லண்டனுக்குப் போய்ப் படித்துவிட்டு வா, அப்புறம் பேசலாம் என்று அனுப்பினார்கள். திரும்பி வந்தவர் நகரவே இல்லை. 1931-ல் நூலகத்துக்கு ஐந்து விதி எழுதினார். நாலாவது விதி, வாசகரின் நேரத்தைச் சேமி.

அந்த விதியை எங்கள் வளாகத்தில் நிறைவேற்றுகிறவர் அண்ணாச்சிதான். காலை எட்டு மணிக்குத் திறப்பார். "என்னல வேணும், எந்த சப்ஜெக்ட்டு, யாரு கைடு?" மூன்று கேள்வி. மூன்றாவது முக்கியம். எந்தப் பேராசிரியர் எதைப் பார்ப்பார் என்று அவருக்குத் தெரியும். "அவரா? படம் நெறையப் போடு." "அவங்களா? முன்னுரைய மட்டும் மாத்திரு, அத மட்டும் வாசிப்பாங்க." என் நூலகம் பத்தரைக்குத் திறக்கும், பையை வெளியே வைக்கணும், அடையாள அட்டை வேண்டும், ரெஃபரன்ஸ் நூல் வெளியே கிடையாது, நாலரைக்குப் பூட்டு. நானே மாணவனாக இருந்தால் எங்கே போவேன்?

ஏப்ரலிலிருந்து எட்டரைக்குத் திறக்க அனுமதி கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறேன். பார்ப்போம்.

17 ஏப்ரல்

அனுமதி வந்தது, ஒன்பது மணிக்கு.

நேற்று வைவா. வெள்ளப் புராஜெக்ட் பிள்ளையிடம் வெளியிலிருந்து வந்த தேர்வாளர் கேட்ட முதல் கேள்வி, "மொத்தம் எத்தனை பக்கம்மா?" 48 என்றாள். "கம்மியா இருக்கே." அடுத்து அந்தச் சுவர்க் கறைப் படத்தைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். "இதை நீயே அளந்ததா?" என்று கேட்டுவிட்டுத் தன் ஊர் வெள்ளத்தைப் பற்றி அவர் பேச ஆரம்பித்து, அடுத்த ஆளைக் கூப்பிட முக்கால் மணி ஆயிற்று. இதெல்லாம் அவளே வந்து சொன்னது. மார்க் என்ன என்று இன்னும் வரவில்லை.

12 புத்தகத்தைப் படம் பிடித்த பையனுக்கும் வைவா முடிந்தது. அவனிடம் ஒன்றும் கேட்கவில்லையாம்.

4 மே

முதலில் கேள்வி கேட்டவர் மறுபடி வந்திருக்கிறார். இந்த செமஸ்டரில் ஆளுக்கு ஒரு குளம் என்று பிரித்துக் கொடுத்தாராம். அவரவர் ஊர்க் குளம். வாட்ஸ்அப் குழுவில் அன்று ராத்திரி ஒரே புலம்பல், ஃபைல் கிடைக்கவில்லை என்று. ஆறு பேர் குளத்துப் பக்கமே போகாமல் கதை கட்டியிருக்கிறார்கள். ஒருத்தன் இல்லாத குளத்துக்கு மதகு எண்ணிக்கை போட்டிருக்கிறான். மற்றவர்கள் எதையோ, யாரையோ போய்ப் பார்த்திருக்கிறார்கள்.

தாத்தாவைக் கேட்டு எழுதிய பெண்ணின் பழைய தாளையும் திரும்ப வாங்கி வாசித்தாராம். அதில் ஒரு தப்பு. தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டும் வெள்ளைக்காரன் கட்டியது என்று தாத்தா சொன்னதாக எழுதியிருக்கிறாள். தாத்தா என்றாலே உண்மை என்று நானும் ஜனவரியில் கொஞ்சம் தலையில் தூக்கி வைத்துவிட்டேன். கடைசியாக வருகிற ஸ்ரீவைகுண்டம் மட்டும்தான் வெள்ளைக்காரன் காலத்தது. அதற்கு மேலே உள்ள ஏழும் அவன் வருவதற்கு முன்பே இருந்தவை. பேட் கெசட்டியரைப் பார் என்று அவளிடம் சொன்னாராம். (1917 என்று சொல்லி அனுப்புங்கள் என்று நான் தனியாகச் செய்தி போட்டிருந்தேன்.)

அவள் பார்த்துவிட்டுப் புதிதாக எழுதிய பக்கத்தை அனுப்பியிருக்கிறார். அப்படியே தருகிறேன்:

"எட்டு அணையும் வெள்ளைக்காரன் கட்டியது என்று என் தாத்தா சொன்னார். கெசட்டியரில் அப்படி இல்லை. இதைத் தாத்தாவிடம் வாசித்துக் காட்டினேன். அதை எழுதியவர் எங்கள் குளத்துக்கு வந்திருக்கிறாரா என்று கேட்டார். கெசட்டியரில் எங்கள் குளத்தின் பெயரைத் தேடினேன். இல்லை. ஆகவே அணைக்கட்டுக்கு கெசட்டியரையும், எங்கள் குளத்து மடைக்குத் தாத்தாவையும் எடுத்துக்கொண்டேன்."

எத்தனை மார்க் போடுவது என்று கேட்கிறார். முதலில் அந்த ஐந்தைத் திருப்பிக் கொடுங்கள் என்று எழுதியிருக்கிறேன்.